அம்மாயி வெட்டிய கிரவுண்டு

எங்கள் தோட்டத்தில் சமதரை என்று ஒன்று கிடையாது. பலாங்கொடையில் பஸ் ஏறி ஒரு மணித்தியாலத்துக்கு மேல் வளைந்து வளைந்து வந்து இறங்கினால், ரோட்டைத் தவிர மற்றதெல்லாம் சரிவு. நாங்கள் குடியிருந்த வரிசை வீடுகளான லயம் சரிவில், கோயில் சரிவில், பள்ளிக்கூடம் சரிவில். கையிலிருந்து ஒரு பந்து நழுவினால் அது தேயிலைச் செடிகளுக்கு நடுவே குதித்துக்கொண்டு கீழே ஆற்றுக்குப் போய்விடும். அதைத் தேடி இறங்கியவர் ஏறி வருவதற்குள் இருட்டிவிடும்.

இப்படியொரு இடத்தில் பிறந்த ஒருத்திக்கு விளையாட்டின்மேல் அவ்வளவு கிறுக்கு எப்படிப் பிடித்தது என்று எனக்கு இன்றைக்கும் தெரியாது. நான் சொல்வது என் அம்மாயியைப் பற்றி. அம்மாவைப் பெற்றவள். அம்மா கொழும்பில் ஒரு வீட்டுக்குச் சமையல் வேலைக்குப் போய், தீபாவளிக்கும் பொங்கலுக்கும் மட்டும் வந்துபோகிறவளாக ஆனபோது எனக்கு நான்கு வயது. அன்றிலிருந்து என்னை வளர்த்தவள் அம்மாயிதான். தாத்தாவை நான் பார்த்ததில்லை. லயத்தில் எங்கள் ஒற்றை அறைக் காம்பராவில் நான், அம்மாயி, அப்போது கல்யாணமாகாமல் இருந்த மாமா, மூன்றே பேர்.

அம்மாயி ஐந்தாம் வகுப்பு வரைதான் படித்தாள். அந்த வருடம் பள்ளிக்கூட விளையாட்டுப் போட்டியில் ஓடி முதலாவதாக வந்திருக்கிறாள். பரிசு ஒரு சோப்புப் பெட்டி. அடுத்த மாதமே அவளைப் பள்ளிக்கூடத்திலிருந்து நிறுத்திவிட்டார்கள். வீட்டில் கைக்குழந்தை ஒன்று இருந்தது, பார்த்துக்கொள்ள ஆள் வேண்டியிருந்தது. "ஓடுனது போதும்னு ஒக்கார வச்சிட்டாங்க" என்று அவள் சொல்லும்போது சிரிப்பாள். நானும் சேர்ந்து சிரித்திருக்கிறேன். அது சிரிக்கிற விஷயமில்லை என்று புரிய எனக்கு வெகுகாலம் ஆயிற்று.

ஒருமுறை எனக்குக் கடுமையான காய்ச்சல். தோட்டத்து லொறி டவுனுக்குப் போயிருந்தது. அம்மாயி, கொழுந்து பறிக்கும்போது இடுப்பில் கட்டுகிற படங்குத் துணியால் என்னை முதுகில் கட்டிக்கொண்டு, சிங்கள ஊருக்குள் போகும் நாட்டு ரோட்டு வழியாக ஆஸ்பத்திரிக்கு நடந்தே போனாள். ஐந்து வயதுப் பிள்ளையைத் தூக்கிக்கொண்டு மூன்று மைல். ஊசி போட்டு என்னைப் படுக்க வைத்த பிறகு, பக்கத்துக் கட்டில் பெண்ணிடம் என்னைப் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு வெளியே போனாள். வெகுநேரம் காணவில்லை. நான் அழுதேன். அந்தப் பெண் போய்த் தேடியபோது, அம்மாயி ஆஸ்பத்திரி வாசலில் காவலாளியின் ரேடியோவுக்குப் பக்கத்தில் குந்திக்கொண்டு கிரிக்கெட் கேட்டுக்கொண்டிருந்தாளாம். சிங்களத்தில் அவள் முதலில் கற்றுக்கொண்டது எண்களைத்தான். அவற்றைக் கற்றுக்கொடுத்தவை கிரிக்கெட் வர்ணனை சொன்ன இப்படிப்பட்ட ரேடியோக்கள்தான்.

அவள் சும்மா கேட்கிறவள் மட்டுமில்லை. எங்கள் தோட்டத்துப் பெண்களின் கயிறிழுக்கும் அணியில் அவள்தான் கடைசி ஆள். கயிற்றின் நுனியை இடுப்பில் சுற்றிக்கொண்டு, குதிகாலை மண்ணில் ஊன்றி, உடம்பைப் பின்னால் சாய்த்து நிற்க வேண்டியவள். முன்னால் உள்ள ஏழு பேரும் சறுக்கினாலும் அவள் சறுக்கக்கூடாது. முதல் ஆளாக நிற்பவள் எதிர்க் காம்பராவில் இருந்தவள். அம்மாயியை விடப் பத்து வயது இளையவள். அவளை நான் சின்னம்மாயி என்று கூப்பிடுவேன். சொந்தமில்லை. ஆனால் இரண்டு காம்பராவுக்கும் ஒரே அடுப்பு என்று சொல்லும் அளவுக்குப் பழக்கம்.

அணிக்குப் பயிற்சி எடுக்க இடமில்லை. ரோட்டில் நின்று இழுப்பார்கள். கொழுந்து லொறி வந்தால் கயிற்றைப் போட்டுவிட்டு ஓரமாக ஒதுங்குவார்கள். எனக்கு ஏழு வயதிருக்கும்போது, வாலிபால் விளையாடுகிற இளைஞர்கள் சிலர் தோட்டத்து மேனேஜரான பெரிய தொரையிடம் போய் ஒரு இடம் கேட்டார்கள். அவர் ஜீப்பில் இருந்தபடியே, லயத்துக்குக் கீழே காடு பிடித்துக் கிடந்த பழைய தேயிலைத் துண்டைக் காட்டி, வேண்டுமானால் வெட்டி எடுத்துக்கொள்ளுங்கள் என்றார். கடிதம் எதுவும் தரவில்லை. கேட்கவேண்டும் என்று யாருக்கும் தோன்றவுமில்லை.

இளைஞர்கள் இரண்டு ஞாயிற்றுக்கிழமை வந்தார்கள். தேயிலைச் செடி இடுப்பளவுக்குத்தான் வெளியே தெரியும். வேர் உள்ளே எங்கெல்லாமோ போய்க் கல்லைக் கட்டிப்பிடித்துக்கொண்டிருக்கும். கை கொப்பளித்ததும் அவர்கள் நின்றுவிட்டார்கள். அம்மாயி நிற்கவில்லை. சின்னம்மாயியையும் கயிற்று அணியில் இருந்த மற்றப் பெண்களையும் கூட்டிக்கொண்டு ஞாயிற்றுக்கிழமைதோறும் இறங்கினாள். ஆறு நாள் மலையில் கொழுந்து பறித்துவிட்டு, துணி துவைக்கவும் தலை முழுகவும் கிடைத்த ஒரே நாளில் மண் வெட்டினார்கள். மேல் பக்கம் வெட்டி, அந்த மண்ணைக் கீழ்ப் பக்கம் நிரப்பி, சரிந்துவிடாமல் கல் அடுக்கினார்கள். என்னைப் போன்ற பிள்ளைகள் கொழுந்துக் கூடையில் கல் சுமந்தோம். மழை நாட்களைத் தவிர ஒரு வருடம் முழுக்க அது நடந்தது.

மாமாவுக்கு அது பிடிக்கவில்லை.

"ஒனக்கு என்னாத்துக்கும்மா இது? வாலிபால் அடிக்கிறவனுங்க வெட்டட்டும்."

"அவனுங்களுக்கு முடியல. எங்களுக்கு முடியுது."

"ஊரே சிரிக்குது."

"சிரிக்கிறவங்களையும் வரச் சொல்லு. மம்பட்டி இருக்கு."

முடிந்த அன்று கிரவுண்டின் மூலையில் கற்பூரம் கொளுத்தித் தேங்காய் உடைத்தாள். இரண்டு சவுக்குக் கம்புகளை நட்டு, கொழுந்துச் சாக்குகளைப் பிரித்துத் தைத்து வாலிபால் வலை கட்டினார்கள். அந்தத் தோட்டத்தில் ஒரு பந்து போட்ட இடத்தில் நின்றதை நான் முதல்முறை பார்த்தது அன்றுதான்.

அதற்குப் பிறகு வந்த வருடங்களை நல்ல வருடங்கள் என்று சொல்லலாம். ஆனால் அவற்றிலும் ஒரு கசப்பு இருந்துகொண்டே இருந்தது. அப்போது எனக்கு அது தெரியவில்லை. சுற்றியுள்ள நான்கு தோட்டங்களுக்கும் சேர்த்து நடந்த போட்டியில் எங்கள் பெண்கள் கயிறிழுத்து வென்றார்கள். கப் கொடுத்தார்கள். போட்டோ எடுக்கும்போது கப்பைத் தொரை பிடித்துக்கொண்டார். பெண்கள் கீழே தரையில் உட்கார்ந்தார்கள். கப் ஆபீஸ் கண்ணாடி அலமாரிக்குள் போயிற்று. ஒரு நாளைக்கு அதை லயத்துக்குக் கொண்டுபோய்ப் பிள்ளைகளுக்குக் காட்டலாமா என்று அம்மாயி கேட்கப் போனாள். நானும் கூடப் போயிருந்தேன்.

"ஒடஞ்சா யாரு பொறுப்பு? இங்கேயே வந்து பாத்துட்டுப் போங்க" என்றார் கிளார்க் ஐயா.

அம்மாயி கண்ணாடியில் முகத்தை ஒட்டிப் பார்த்துவிட்டு, "சரிங்கய்யா" என்று வெளியே வந்தாள். கயிறு உரசியதில் அவள் இடுப்பின் வலது பக்கம் தோல் கறுத்துத் தடித்திருக்கும். அன்று வீட்டுக்கு வந்து அதில் எண்ணெய் பூசிக்கொண்டே, "நம்மகிட்ட இது இருக்கே" என்றாள்.

சித்திரை வருடப் பிறப்புக்குப் பக்கத்துச் சிங்கள ஊரில் விளையாட்டு விழா நடக்கும். ஒரு வருடம் எங்கள் பெண்களையும் கூப்பிட்டார்கள். அந்த ஊர் அணியில் கடைசி ஆளாக நின்றவள் கித்துள் கருப்பட்டி காய்ச்சி விற்கிற ஒரு பெண். நல்ல உயரம், நல்ல எடை. இரண்டு பேரும் கயிற்றின் இரண்டு நுனியில் நின்று ஒருவரையொருவர் முறைத்துக்கொண்டதை நான் கூட்டத்துக்குள் இருந்து பார்த்தேன். வெகுநேரம் கயிறு அசையவே இல்லை. பிறகு அம்மாயி தொண்டை கிழியக் கத்தினாள். எட்டுப் பேரும் ஒரே மூச்சில் சாய்ந்தார்கள். அந்தப் பெண் முழங்கால் அடிபட்டு மண்ணில் இழுபட்டாள். அம்மாயி கயிற்றை அவிழ்த்துவிட்டு நேராக ஓடிப்போய் அவளைத் தூக்கினாள். ஒலிபெருக்கியில், தோட்டத்துக் கூட்டம் ஜெயித்துவிட்டது என்று சிங்களத்தில் சொன்னார்கள். அணியின் பெயரைச் சொல்லவில்லை. ஆனால் அந்தப் பெண் அதன்பிறகு வருடாவருடம் பஸ் கண்டக்டரிடம் எங்களுக்கு ஒரு கருப்பட்டித் துண்டு கொடுத்தனுப்பினாள்.

நான் உயர்தரம் படித்து முடித்தேன். பலாங்கொடையில் ஒரு மருந்துக் கடையில் வேலை கிடைத்தது. கடைக்கு வருகிறவர்கள் பெரும்பாலும் சிங்களவர்கள். பேச மட்டுமில்லை, வாசிக்கவும் எழுதவும் நன்றாகப் பழகிக்கொண்டேன். தோட்டத்தில் யாருக்கு என்ன கடிதம் வந்தாலும் ஞாயிற்றுக்கிழமை நான் வரும்போது என்னிடம் கொண்டுவருவார்கள். அதில் எனக்குப் பெருமை இருந்தது.

அந்த வருடம் மழை நிற்காமல் பெய்தது. எங்கள் லயத்துக்கு மேலே மலையில் ஒரு வெடிப்பு விழுந்தது. ஒரு கால் நுழையும் அகலம். அதிகாரிகள் வந்து பார்த்து, லயத்துச் சுவரில் சிவப்புப் பெயின்டால் பெருக்கல் குறி போட்டார்கள். எல்லோரும் பள்ளிக்கூடத்துக்குப் போய்ப் பாயை விரித்தோம். பல வாரங்கள் அங்கேயே கிடந்தோம். பிறகு மழை விட்டது. போக வேறு இடமில்லாமல் சிவப்புக் குறி போட்ட காம்பராவுக்கே திரும்பினோம்.

அடுத்த வருடம் வீடு கட்டித் தரப்போவதாகச் செய்தி வந்தது. ஒவ்வொரு குடும்பத்துக்கும் தனி வீடு, உள்ளேயே கக்கூஸ். பள்ளிக்கூடத்தில் கூட்டம் வைத்தார்கள். தோட்டத் தலைவர் எழுந்து, தேயிலை உள்ள நிலத்தைக் கம்பெனி தராது, அதனால் கிரவுண்டைத் தருவதாகச் சொல்லியிருக்கிறது என்றார். எல்லோரும் கை தட்டினார்கள். மாமா தட்டினார். நானும் தட்டினேன்.

அம்மாயி எழுந்து நின்றாள். அப்போது அவளுக்கு அறுபத்தைந்துக்கு மேல். வேலையிலிருந்து நின்று வெகுகாலம் ஆகியிருந்தது.

"தலைவரே, ஆத்துக்கு அந்தப் பக்கம் காடாக் கெடக்குதே ஒரு மலை. அதுல இருவது வருசமா யாரும் கொழுந்து எடுக்கல. அதக் கேளுங்களேன்."

"அது கம்பெனி கணக்குல தேயில மலதான் பாட்டி."

"அங்க தேயிலயே இல்லீங்களே. பன்னிதான் இருக்கு."

"கணக்குல இருக்கே."

"கிரவுண்டு நாங்க வெட்டுனது. ஒரு வருசம் ஞாயித்துக் கெழம பூரா..."

தலைவர் அவளை முடிக்க விடவில்லை. கூட்டத்தைப் பார்த்துச் சிரித்துக்கொண்டே கேட்டார். "பாட்டி, இப்ப ஒங்களுக்கு வீடு வேணுமா, கயிறு இழுக்க எடம் வேணுமா?"

பள்ளிக்கூடமே சிரித்தது. அந்தச் சிரிப்பில் கயிற்று அணியில் இருந்த பெண்களும் இருந்தார்கள். சின்னம்மாயி மட்டும் சிரிக்கவில்லை. தலையைக் குனிந்துகொண்டிருந்தாள். மாமா அம்மாயியின் கையைப் பிடித்து இழுத்தார். "ஒக்காரும்மா. மானத்த வாங்காத." அவள் உட்கார்ந்துவிட்டாள்.

யாரிடம் கேட்டாலும் வீடுதான் வேண்டும் என்பார்கள். நானும் அதைத்தான் சொன்னேன். சிவப்புக் குறியின் கீழே குழந்தைகளைத் தூங்க வைக்கிறவர்களிடம் வேறு எதைச் சொல்ல முடியும்? ஆனால் அந்தக் கேள்வியே பொய். ஆற்றுக்கு அந்தப் பக்கம் நிலம் கிடந்தது. இரண்டும் இருந்திருக்கலாம். இது அன்றைக்கே எனக்குத் தெரியும். தெரிந்தும் வாயைத் திறக்கவில்லை. டவுனிலிருந்து என்னைப் பெண் பார்க்க வருவதாகப் பேச்சு நடந்துகொண்டிருந்தது. லயத்துக் காம்பராவில் அவர்களை உட்காரவைக்க எனக்கு வெட்கமாக இருந்தது. முதலில் ஒரு வீடு வரட்டும் என்று நினைத்தேன்.

விண்ணப்பங்களைச் சிங்களத்தில் நிரப்ப வேண்டியிருந்தது. அதனால் நான்தான் நிரப்பினேன், நாற்பதுக்கு மேற்பட்ட குடும்பங்களுக்கு. அதைக் கொண்டுபோய்க் கொடுத்த அலுவலகத்தில் ஒரு பெண் ஒவ்வொன்றாகப் புரட்டிப் பார்த்தாள். அந்த நிலம் இப்போது எதற்குப் பயன்படுகிறது என்ற இடத்தில் நான் 'விளையாட்டு மைதானம்' என்று எழுதியிருந்தேன்.

"இப்படி எழுதினால் நிற்கும், நங்கி" என்றாள் அவள் சிங்களத்தில். "மைதானத்தில் வீடு கட்ட வேறு அனுமதி வேண்டும். ஒரு வருடம் இழுக்கும். 'பாளு இடம' என்று எழுதுங்கள்."

பாளு இடம. பாழ் நிலம். அங்கேயே ஒரு மேசையில் உட்கார்ந்து எல்லாவற்றிலும் வெட்டித் திருத்தினேன். அம்மாயியின் விண்ணப்பத்தில் அவள் கையெழுத்துக்கு மேலேயே திருத்தினேன்.

அன்று வீட்டுக்கு வந்ததும் அவள் கேட்டாள். "கிரவுண்டப் பத்தி என்னா எழுதுன புள்ள?"

"வெளையாட்டு எடம்னுதான் எழுதுனேன், அம்மாயி."

"அப்ப சரி" என்றாள். "எடம் போனாலும், அது என்னா எடம்னு ஒரு தாளுலயாவது இருக்கணும்."

அடிக்கல் நாட்டு விழாவுக்குப் பந்தல் போட்டு, கிரவுண்டின் நடுவில் குத்துவிளக்கு வைத்தார்கள். வாலிபால் கம்புகளைப் பிடுங்கி ஓரமாகப் போட்டிருந்தார்கள். பெரிய அதிகாரி ஒருவர் சிங்களத்தில் பேசினார். பாளு இடமவாகக் கிடந்த இந்த நிலத்தில் இன்று மனிதர்கள் வாழப்போகிறார்கள் என்று சொன்னார். ஒரு முறை இல்லை. மூன்று நான்கு முறை. அம்மாயி முன் வரிசையில் நாற்காலியில் இருந்தாள். கிரிக்கெட் கேட்டுக் கேட்டும், சிங்கள ஊர்ப் பெண்களோடு பழகியும், அவளுக்குச் சிங்களம் நன்றாகவே புரியும். அவள் திரும்பி, பின்னால் நின்ற என்னைப் பார்த்தாள்.

விழா முடிந்து எல்லோரும் பிஸ்கட்டும் தேநீரும் எடுக்கப் போனபோது என்னிடம் வந்தாள்.

"நீதான் அப்படி எழுதுனியா?"

"அவங்கதான் எழுதச் சொன்னாங்க, அம்மாயி. இல்லாட்டி லேட்டாகும்னு..."

"அதுக்கு அடியில என் கையெழுத்தா இருக்கு?"

"ஆமா."

அவ்வளவுதான். அதற்கு மேல் அவள் ஒன்றும் கேட்கவில்லை, திட்டவில்லை. திட்டியிருந்தால் நானும் பதிலுக்கு ஏதாவது சொல்லியிருப்பேன். அவள் என்னோடு பேசாமலும் இருக்கவில்லை. சாப்பிட்டாயா என்று கேட்டாள். தலைவலி என்றால் பற்றுப் போட்டாள். நான் பஸ்ஸுக்குப் போகும்போது பார்சல் கட்டித் தந்தாள். ஆனால் சாகும்வரைக்கும் விளையாட்டைப் பற்றி என்னிடம் ஒரு வார்த்தை பேசவில்லை. முன்பெல்லாம் நான் ஞாயிற்றுக்கிழமை வந்து இறங்கியதும், யார் எத்தனை ஓட்டம் எடுத்தான் என்றுதான் கேட்பாள். நான் மருந்துக் கடை டீவியில் பார்த்து மனப்பாடம் செய்துகொண்டு வருவேன். அந்தப் பேச்சு அன்றோடு நின்றது. ஒரு முறை நானே ஸ்கோர் சொல்ல ஆரம்பித்தேன். அவள் எழுந்து அடுப்படிக்குப் போய்விட்டாள்.

வீடு முடிவதற்குள் என் கல்யாணம் முடிந்துவிட்டது. லயத்துக் காம்பராவில்தான் பெண் பார்த்தார்கள். அவர்கள் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவே இல்லை. நான் பலாங்கொடைக்குப் போய்விட்டேன்.

கட்டுவதற்கு நினைத்ததைவிட அதிகக் காலம் எடுத்தது. கடைசியில் நாற்பது குடும்பத்துக்கு இல்லை, பதினெட்டுக் குடும்பத்துக்குத்தான் வீடு என்றார்கள். சீட்டுக் குலுக்கிப் போட்டார்கள். எங்கள் குடும்பத்துக்கு விழுந்தது. சின்னம்மாயிக்கு விழவில்லை. இரண்டாவது லிஸ்ட்டில் வரும் என்றார்கள். அவள் சிவப்புக் குறி போட்ட காம்பராவிலேயே இருந்தாள். எதிரே எங்கள் காம்பரா பூட்டிக் கிடந்தது.

மாமாவுக்குக் கல்யாணமாகி இரண்டு பிள்ளைகள். புது வீட்டில் அவர்களுக்குச் சந்தோஷம்தான். கதவுக்குப் பூட்டு, தரைக்குச் சிமெந்து. தண்ணீர் மட்டும் வரவில்லை; லயத்துப் பழைய பீலிக் குழாயிலிருந்து சுமக்க வேண்டியிருந்தது. அம்மாயிக்கு அந்த வீட்டின் ஒவ்வொரு மூலையும் கிரவுண்டில் எந்த இடம் என்று தெரியும். அதை அவள் என்னிடம் சொன்னதில்லை. மாமி ஒரு நாள் என்னிடம் சொன்னாள், "ஒங்க அம்மாயி நடு அறையில படுக்க மாட்டேங்குது. அங்கதான் கயிறு போடுற கோடாம்."

இளைஞர்கள் ரோட்டில் வாலிபால் அடித்தார்கள். அவர்களில் சின்னம்மாயியின் மகனும் ஒருவன். ஒரு ஞாயிற்றுக்கிழமை, நானும் அங்கே இருந்தேன், பந்து வந்து மாமாவின் வீட்டு ஜன்னல் கண்ணாடியை உடைத்தது. மாமா குடித்திருந்தார். தேயிலை கவ்வாத்து வெட்டுகிற கத்தியை எடுத்து வந்து பந்தை நடுவில் பிளந்தார். "இது வீடுடா! கிரவுண்டு இல்ல!" என்று ரோட்டைப் பார்த்துக் கத்தினார்.

அம்மாயி வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். கிழிந்த பந்தைக் குனிந்து எடுத்தாள். சாக்குத் தைக்கிற ஊசியால் அதைத் தைத்தாள். சைக்கிள் கடைக்காரனிடம் கேட்டு ரப்பர் துண்டு வாங்கி உள்ளே ஒட்டிப் பார்த்தாள். காற்று நிற்கவில்லை. சாயங்காலம் அதை எடுத்துக்கொண்டு, மூச்சு வாங்க லயத்துக்கு ஏறினாள். நானும் கூடப் போனேன்.

சின்னம்மாயி அடுப்படியில் இருந்தாள். அம்மாயி பந்தை நீட்டினாள்.

"ஒன் மகன்ட குடு. தச்சிருக்கேன். காத்துதான் நிக்கல."

சின்னம்மாயி அதை வாங்கவில்லை. "எடத்தையும் எடுத்துக்கிட்டீங்க. பந்தையும் கிழிச்சிட்டீங்க. இன்னும் என்னாக்கா குடுக்க வந்திருக்கீங்க?"

அம்மாயி பந்தை வாசற்படியில் வைத்துவிட்டு இறங்கினாள். நான் சின்னம்மாயியிடம், கிரவுண்டை எடுக்க வேண்டாம் என்று அன்று கூட்டத்தில் எழுந்து நின்றது இவள் ஒருத்திதானே என்று சொல்லியிருக்கலாம். அப்படிச் சொன்னால், மற்றதையும் சொல்ல வேண்டிவரும். யார் எழுதினார்கள் என்பதையும். அம்மாயியின் பின்னால் இறங்கினேன். இருவரும் பதினைந்து வருடம் ஒரே கயிற்றை முதல் ஆளும் கடைசி ஆளுமாகப் பிடித்தவர்கள். அதன்பிறகு வழியில் கண்டாலும் பேசிக்கொள்ளவில்லை.

இரண்டு வருடம் கழித்து அம்மாயிக்குப் பாரிசவாதம் வந்தது. வலது கை, வலது கால், பாதி வாய் போயிற்று. நான் லீவு போட்டுவிட்டு வந்து பத்து நாள் கூட இருந்தேன். குளிப்பாட்டும்போது அவள் இடுப்பில் கயிற்றுத் தழும்பைப் பார்த்தேன். உடம்பெல்லாம் வற்றிய பிறகும் அது மட்டும் தடிப்பாக இருந்தது. ஒரு நாள் டீவியில் பெண்கள் வாலிபால் போனது. அவளுக்குப் பிடிக்கும் என்று நினைத்துச் சத்தத்தைக் கூட்டி, கட்டிலைத் திருப்பி வைத்தேன். அவள் இடது கையை உயர்த்தி, கோணிய வாயால் தெளிவாகவே சொன்னாள்.

"நிப்பாட்டு."

நிறுத்தினேன். அவள் என்னிடம் கடைசியாகச் சொன்ன வார்த்தை அதுதான். நான் பலாங்கொடைக்குத் திரும்பிய நான்காம் நாள் மாமா போன் எடுத்துச் சாவுச் செய்தி சொன்னார்.

அம்மா கொழும்பிலிருந்து வந்தாள். மாமா நோட்டீஸ் அடித்திருந்தார். அன்பே உருவானவள், பிள்ளைகளுக்காகவே வாழ்ந்தவள் என்று இருந்தது. எல்லோருக்கும் அடிக்கிற அதே வரிகள். அதில் பொய் எதுவுமில்லை. எங்களுக்காகத்தான் வாழ்ந்தாள். எங்களைத் தவிர அவளுக்கு இன்னொன்று இருந்தது என்பதை யாரும் போடவில்லை.

சாவு வீட்டுக்கு வந்தவர்கள் நிற்க இடமில்லை. வீடுகள் அவ்வளவு நெருக்கம். பாதிப்பேர் ரோட்டில் நின்றார்கள். மதியம் வெள்ளைச் சேலை கட்டிய சிங்கள ஆச்சி ஒருத்தி, பேரனின் தோளைப் பிடித்துக்கொண்டு வந்தாள். கருப்பட்டி அனுப்பியவள். கண்டக்டர் சொல்லித் தெரிந்துகொண்டாளாம். அம்மாயியின் காலைத் தொட்டுக் கும்பிட்டுவிட்டு வெளியே வந்து, சுற்றிப் பார்த்தாள். பிறகு என்னைக் கூப்பிட்டு, பாதி தமிழிலும் பாதி சிங்களத்திலும் கேட்டாள்.

"துவே, அந்தப் பிட்டனிய எங்க? அக்கே சொல்லுவா, எங்களுக்கும் இப்ப கிரவுண்டு இருக்கு, ஒரு நாளைக்கு வா, இழுப்போம்னு. நான் வரவே இல்ல."

நான் அவள் நின்ற தரையைக் காட்டினேன். அவளுக்கு முதலில் புரியவில்லை. அந்தப் பக்கமா, கீழேயா என்று கேட்டாள். "இதுதான் ஆச்சி. வீடு கட்டிட்டாங்க" என்றேன். அவள் பதினெட்டு வீட்டையும் ஒருமுறை பார்த்தாள். பிறகு சேலை முந்தானையால் வாயை மூடிக்கொண்டு பேரனோடு ரோட்டுக்கு ஏறிவிட்டாள்.

சின்னம்மாயி வரவில்லை. கருமாதிக்கும் வரவில்லை.

மூன்று மாதம் கழித்து, ஒரு திங்கட்கிழமை காலை பஸ் தரிப்பிடத்தில் அவளைக் கண்டேன். கிளினிக்குக் கொப்பியைப் பையில் வைத்துக்கொண்டு நின்றாள். நன்றாக மெலிந்திருந்தாள். நான்தான் முதலில் பேசினேன். வீடு கிடைத்ததா என்று கேட்டேன்.

"எங்க? ரெண்டாவது லிஸ்ட்டுக்கு எடமில்லங்கறாங்க. ஆத்துக்கு அந்தப் பக்கம் குடுத்தா உண்டு. அது தேயில மலையாம்."

"அம்மாயி அதத்தான் கேட்டுச்சு."

"தெரியும்" என்றாள். "வந்திருக்கணும் புள்ள. வரல. காலு எறங்க மாட்டேன்னுருச்சு."

அப்போது சொன்னேன். விண்ணப்பத்தில் என்ன எழுதினேன், அம்மாயியிடம் என்ன பொய் சொன்னேன், அவள் என்ன கேட்டாள் என்று எல்லாவற்றையும். வருடக்கணக்காக யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்தது. திட்டுவாள், அல்லது பரவாயில்லை என்பாள் என்று நினைத்தேன். அவள் இரண்டும் செய்யவில்லை.

"என் பாரத்துலயும் அப்படித்தான் எழுதுனியா?" என்று கேட்டாள்.

"ஆமா."

"அப்படி எழுதியும் எனக்குக் கெடைக்கலயே" என்றாள்.

பஸ் வந்தது. அவள் முன் கதவால் ஏறி, டிரைவருக்குப் பின்னால் ஒரு சீட்டில் உட்கார்ந்தாள். பக்கத்துச் சீட்டு காலியாகத்தான் இருந்தது. அவள் அதில் பையை வைத்துக்கொண்டாள். நான் பலாங்கொடை வரைக்கும் நின்றுகொண்டே வந்தேன்.